மாஸ்டரின் இடப்பக்கம்

ஆடு என்றாள் தனலெட்சுமி. ஆடுதான், அதில் என்ன அதிசயம் என்று துரைராஜு நினைத்தார். ஆட்டை ஆடு என்று சொல்ல ஒருத்தி, அதைக் கேட்டுக்கொண்டு வேன் ஓட்ட ஒருவர், பின்னால் உட்கார்ந்து அந்த ஆட்டைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் வர ஐந்து பேர். இதற்குப் பெயர் குடும்பச் சுற்றுலாவாம். கிள்ளானில் காலை ஏழரைக்குக் கிளம்பும்போதே அவருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மகள் யோகேஸ்வரி எல்லாருக்கும் ஆரஞ்சு நிறத்தில் டீ சட்டை அடித்து வைத்திருந்தாள், முதுகில் 'துரைராஜு குடும்பம், கிராமத்தை நோக்கி' என்று எழுத்து. எந்தக் கிராமம், அங்கே யார் இவர்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் வராது. பிள்ளைக்கு நாட்டுப்புறத்தைக் காட்ட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கையில் பட்டியல் வேறு: முதலில் செகிஞ்சான் நெல்வயல், பிறகு சபாக் பெர்ணத்தில் ஒரு தென்னந்தோப்பு, கடைசியில் தெலுக் இந்தானில் சாய்ந்த கோபுரம். சாய்ந்து நிற்கிற ஒன்றைப் பார்க்க இவ்வளவு தூரம் போகிற கூட்டம், வழியில் நேராக நிற்கிற ஒரு மரத்தையும் பார்க்கவில்லை. மருமகன் பிரேம்நாத் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறவன், உட்கார்ந்தே சம்பாதித்து உட்கார்ந்தே களைத்துப் போகிறவன். அவனுக்கும் யோகாவுக்கும் நடுவில் ஆறு வயதுப் பேத்தி தர்ஷினி, அவளுக்கும் ஒரு கைப்பேசி. கடைசி வரிசையில் தனலெட்சுமியின் அண்ணன் சிவலிங்கமும் அவர் மனைவி ராஜம்மாவும். சிவலிங்கத்துக்கு வண்டி ஓடினால் தூக்கம், நின்றால் பசி. ராஜம்மாவுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வரும். மோட்டார் வருது என்றாள் தனலெட்சுமி, பின்னாடி ஒரு மூட்டை கட்டியிருக்கான் என்றாள். தன் பக்கத்துக் கண்ணாடி வழியே தெரிவதையெல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பாடம் படிக்கிற மாதிரி படித்துக்கொண்டே வருவது இவளுக்குப் புதுப் பழக்கம். வயதானால் சிலருக்கு மூட்டு வலி வருகிறது, இவளுக்கு வாய் வந்துவிட்டது.

வேனை ஓட்டுவது அவர்தான். வேறு யார் ஓட்டுவது? கிள்ளானில் ஒரு டிரைவிங் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தவர். பாதி ஊருக்கு அவர்தான் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தார். சந்தைக்குப் போனால் மீன் வெட்டுகிறவன்கூடக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மாஸ்டர் எப்படி இருக்கீங்க என்பான். இந்த வாடகை வேன் ஓட்டோ கியர். ஓட்டோ கியர் ஓட்டுவதை அவர் ஓட்டுவதாகவே சேர்ப்பதில்லை, துணி துவைக்கிற இயந்திரத்தைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோலத்தான் அது. பிரேம்நாத்திடம் இருப்பது ஓட்டோவுக்கு மட்டும் கொடுக்கிற லைசென்ஸ். கைப்பேசிக்குள் இருக்கிற பெண் வலது என்றால் வலது, இடது என்றால் இடது. அவள் ஆற்றுக்குள் இறங்கச் சொன்னாலும் சிக்னல் போட்டுவிட்டு இறங்குவான். காலையிலிருந்து இரண்டு முறை, மாமா நான் கொஞ்ச நேரம் ஓட்டட்டுமா என்று கேட்டுவிட்டான். இரண்டு முறையும் உள்கண்ணாடியில் அவர் பார்த்த பார்வைக்கு அவன் மறுபடியும் கைப்பேசிக்குள் போய்விட்டான். இன்றைக்கு ஒரு தடவை இவனிடம் கொடுத்துவிட்டால் அவ்வளவுதான். நாளைக்கே கூடிப் பேசி முடிவெடுத்துவிடுவார்கள், அப்பாவுக்கு முடியவில்லை, இனிமேல் பின்னால் உட்காரட்டும் என்று. அப்புறம் அவர் பின்னால் உட்கார வேண்டும், சிவலிங்கத்தின் குறட்டைக்குப் பக்கத்தில், மடியில் ஒரு முறுக்குப் பொட்டலத்தோடு. ஸ்டியரிங்கை விட்டால் அது திரும்பக் கைக்கு வராது என்பது அவருக்குத் தெரியும். விடாவிட்டால் என்ன ஆகக்கூடும் என்பதும் தெரியும். எட்டு மாதமாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

ஏனென்றால் அவருடைய இடது கண்ணில் ஓரம் போய்விட்டது. சொன்னவள் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருந்தாள். வெள்ளைக் கிண்ணத்தைப் படுக்கவைத்த மாதிரி ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொன்னாள், நடுவில் பார்த்துக்கொண்டிருங்கள், ஓரத்தில் வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்துங்கள் என்றாள். வலது கண்ணுக்குப் படபடவென்று அழுத்தினார். இடது கண்ணுக்கு வந்தபோது வெகு நேரம் ஒன்றுமே வரவில்லை. அரசாங்கத்து இயந்திரம், பழுதாகியிருக்கும், இவர்களுக்கு ஒரு சாமானைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியுமா என்று நினைத்துக்கொண்டு கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்தபடி காத்திருந்தார். பிறகு அவள் காட்டிய தாளில், இடது கண் படத்தில், இடப்பக்கம் முழுக்கக் கறுப்பாக இருந்தது. கண்ணுக்குள் அழுத்தமாம். போனது திரும்பாதாம். இருப்பதைக் காப்பாற்றலாம், சொட்டு மருந்தை ஒரு நாள்கூட விடக்கூடாது, இனிமேல் காடி ஓட்டக்கூடாது. யாரைப் பார்த்து ஓட்டக்கூடாது என்கிறாய் என்று வாய் வரைக்கும் வந்தது. உன் அப்பனுக்கே நான்தான் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்திருப்பேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தனலெட்சுமியிடம், கண்ணு வறண்டு போச்சாம், மருந்து கொடுத்திருக்காங்க என்றார். அவள் சரி என்றாள். எதைச் சொன்னாலும் சரி என்கிறவள், நாற்பது வருஷமாக அப்படித்தான். தாளை நாலாக மடித்து ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, காடியை எடுத்துக்கொண்டு அவரே ஓட்டி வீட்டுக்கு வந்தார். அடுத்த வாரம் வீட்டுக் கேட்டில் இடது கதவை ஒரு முழ நீளத்துக்குக் கிழித்தார். பக்கத்து வீட்டுக்காரன் காடியை ஒழுங்காக நிறுத்தாததுதான் காரணம் என்று அவனிடமே போய்ச் சண்டை போட்டார், அந்த மடையனும் மன்னிப்புக் கேட்டான்.

செகிஞ்சானில் இறங்கினார்கள். வயல் பச்சையாக இருந்தது. வயல் பச்சையாகத்தான் இருக்கும், அதற்கு இத்தனை 'ஐயோ அழகு' எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. சிவலிங்கம் இந்தச் சபாக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து மாட்டுச் சாணத்தில் விளையாடி வளர்ந்தவர், அவர் இப்போது வரப்பில் நின்று நெற்கதிரைத் தொட்டுப் பார்த்து, என்னா மச்சான் இது, இப்படித்தான் இருக்குமா என்கிறார். யோகா எல்லாரையும் வரிசையாக நிறுத்தினாள். பதினோரு தடவை எடுத்தார்கள். ஒரு தடவை ராஜம்மா கண்ணை மூடிவிட்டாள், ஒரு தடவை பிள்ளை நாக்கை நீட்டிவிட்டாள், இரண்டு தடவை அப்பா எங்கியோ பாக்கிறாங்க என்றாள் யோகா. அவர் எங்கேயும் பார்க்கவில்லை. பிரேம்நாத் கைப்பேசியை ஒரு குச்சியில் மாட்டி இடப்பக்கத்தில் நட்டிருக்கிறான், அது அங்கே நிற்பது அவருக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது இடது தோள் எதிலோ ணங்கென்று இடித்தது. கழுத்தைத் திருப்பினால் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை, வருக வருக என்று மூன்று மொழியில் எழுதி, சூரியகாந்திப் பூ வரைந்து. வழியின் நடுவில் பலகை நடுகிற நாட்டுப்புறத்தான்களின் புத்தியை நினைத்து அவர் முனகினார். தனலெட்சுமி வந்து அவருடைய இடப்பக்கத்தில் நடந்தாள். வேன் பக்கத்தில் பிரேம்நாத் மூன்றாவது தடவையாகக் கேட்டான். இந்த முறை அவர் வாயால் பதில் சொன்னார். "நீ ஓட்டுனா நாங்க உசிரோட போய்ச் சேரணும்லா." எல்லாரும் சிரித்தார்கள். பிரேம்நாத்தும் சிரித்தான், அவனுக்கு அவமானப்படக்கூடத் தெரியவில்லை.

மறுபடியும் அதே ஒற்றைச் சாலை. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வீடு, கடை, தொழுகைக்கு ஒரு சூராவ், செம்பனைத் தோட்டம், மறுபடியும் வீடு. வலப்பக்கம் எல்லாம் தெளிவாக இருக்கிறது, எதிரே தெளிவாக இருக்கிறது, இடப்பக்கம் கறுப்பு என்று அந்தப் பெண் தாளில் காட்டினாளே தவிர உண்மையில் கறுப்பே இல்லை. அதுதான் வேடிக்கை. கறுப்பாக இருந்தால் ஒருவன் பயப்படுவான். ஒன்றும் இல்லாமல் இருக்கிறது, முதுகுக்குப் பின்னால் எப்படி ஒன்றும் இல்லையோ அப்படி. முதுகுக்குப் பின்னால் தெரியவில்லை என்று யாராவது வண்டியை நிறுத்துகிறார்களா? சைக்கிள்ல ஒரு அம்மா என்றாள் தனலெட்சுமி. நாய் படுத்திருக்கு என்றாள். லோரி ஒண்ணு சந்துலேருந்து மூக்கை நீட்டிக்கிட்டு நிக்குது என்றாள். பின்னால் யாரோ ஒரு பாட்டை ஓடவிட்டார்கள், அது தமிழ்ப் பாட்டா மலாய்ப் பாட்டா என்று கண்டுபிடிக்க முடியாத ஒரு சத்தம். சிவலிங்கம் மாம்பழம் சாப்பிட்ட கையை இருக்கையில் துடைத்திருப்பார், அந்த வாடை வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைங்க என்றாள் தனலெட்சுமி, மூணு பேரு, நடந்து போறாங்க. அவருக்குள் ஏதோ சூடாகிக் கிளம்பியது. இந்தக் குரல், இந்த ஓயாத குரல், நடுவில் நுழைந்து நுழைந்து வருகிற ஈ மாதிரி. "கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு வர்றியா? இங்க எல்லாருக்கும் கண்ணு இருக்கு." பாட்டு நின்றது. யோகா, அப்பா என்றாள். தனலெட்சுமி கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டு மௌனமானாள்.

மௌனம் நன்றாக இருந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். இப்படி ஒரு அமைதியை இவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு அதட்டல் போதுமாக இருந்தது, முன்னாலேயே செய்திருக்க வேண்டும். வாய்க்கால் ஓடியது. வலப்பக்கம் ஒரு கொக்கு. ஒரு சீனர் கடையில் வெயிலுக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தது. பிறகு அவருக்கு விளங்காத ஒரு மாற்றம் நடந்தது. சாலை குறுகிவிட்ட மாதிரி இருந்தது. அவர் வலது ஓரமாக, நடுக்கோட்டை ஒட்டி ஓட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்து இடப்பக்கம் கொஞ்சம் இழுத்தார், இழுத்தவுடன் பயம் வந்தது, எதன் மேல் இழுக்கிறோம் என்று தெரியாமல். கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் சாலை காலி. மறுபடியும் இழுத்தார். அந்த நேரத்தில் ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து ஒரு மோட்டார்சைக்கிள் வந்தது. வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, இல்லாமல் இருந்தது, பிறகு இருந்தது. ஹெல்மெட் இல்லாத ஒரு கிழவர், முன்கூடையில் கீரை, வேனின் மூக்குக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சாண். துரைராஜு ஸ்டியரிங்கை ஒடித்தார், வேன் ஆடியது, பின்னால் ஏதோ விழுந்தது. கீரைக்காரக் கிழவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார், அந்த மாதிரி ஆட்களுக்குச் சாவே தெரியாது. பள்ளமா அப்பா என்று யோகா கேட்டாள். ஆமாம் என்றார். பேத்தி விழுந்த கைப்பேசியைத் தேடிக்கொண்டிருந்தாள். முழு முகத்தையும் ஒரு கணம் இடப்பக்கம் திருப்பிப் பார்த்தார். தனலெட்சுமி பேசவில்லை. ஆனால் அவளுடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, விரலெல்லாம் வெளுத்துப்போக, அங்கே ஒரு பிரேக் இருப்பதுபோல.

அந்தக் காலை அவருக்குத் தெரியும். அது அவருடைய கால். முப்பத்தொரு வருஷம் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, டிரைவிங் பள்ளிக் காடியில் வாத்தியாருக்கென்று தனியாக வைத்திருக்கிற அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, சைக்கிள் வருது, நாய் நிக்குது, லோரி மூக்கை நீட்டுது, பாரு, இடது பாரு என்று கத்திக்கொண்டு வந்தது அவர். எந்தப் பிள்ளைக்குக் கண் இருந்தும் பார்க்கத் தெரியவில்லையோ அந்தப் பிள்ளைக்கு. இவள் ஆடு என்றாள், அது இடப்பக்கம். மூட்டை கட்டிய மோட்டார், இடப்பக்கம். நாய், லோரி, மூன்று பிள்ளைகள். காலையில் வலப்பக்கமெல்லாம் கொக்கு நின்றது, அதை அவள் சொன்னாளா? எதிரே ஒரு தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு வந்தது, அதைச் சொன்னாளா? எட்டு மாதமாக ஒரு நாளாவது வலப்பக்கத்தில் இருக்கிற எதையாவது இவள் வாயால் சொல்லியிருக்கிறாளா? லைசென்ஸே இல்லாதவள், சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தெரியாதவள், இவள் மாஸ்டருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள், அதுவும் மாஸ்டருக்குத் தெரியாமல். அவருக்கு முதலில் வந்தது கோபம்தான். என்ன தைரியம். யார் கேட்டார்கள் உன்னை. அந்தக் கோபம் போய் இடிக்கிற இடத்தில் ரெங்கசாமி என்று எப்போதோ பள்ளிக்கு வந்த ஒரு ஆள் நின்றார், அறுபது வயது, செம்பனைப் பழ லோரி ஓட்டியவர், லைசென்ஸைப் புதுப்பிக்க வந்து, நிற்கிற காடியின் நம்பரைப் படிக்கத் தெரியாமல் முழித்தவர். வரிசையில் இருபது பேர் இருந்தார்கள். பெருசு, வீட்டுக்குப் போய்க் கோழி வளருங்க, ரோட்டுல ஆளைக் கொல்லாதீங்க என்று துரைராஜு அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார், நன்றாகச் சிரித்தார்கள். ரெங்கசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்த ஆள் போனார். நம்பர் தெரியவில்லை என்றதும் வாயைத் திறக்காமல் போனார், யாரிடமும் பொய் சொல்லவில்லை, தாளைக் குப்பையில் போடவில்லை, ஆறு வயதுப் பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிக் காட்டவில்லை. துரைராஜு இதுவரை எத்தனையோ பேரைக் கேவலமாக நினைத்திருக்கிறார், சிவலிங்கத்தை, பிரேம்நாத்தை, பக்கத்து வீட்டுக்காரனை, அந்தச் சின்ன டாக்டரை. இந்த வேனை ஓட்டிக்கொண்டிருக்கிற ஆளைப்போலக் கேவலமான ஒருவனை அவர் பார்த்ததில்லை. ஆனாலும் கை ஸ்டியரிங்கை விடவில்லை. இன்னும் இருபது கிலோமீட்டர்தான், மெதுவாகப் போனால் போதும், இத்தனை வருஷம் போன ரோடு, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்று உள்ளே ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான், அவன் எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பான்.

பாலம் வந்தது. இந்தப் பாலம் இறங்கியதும் இடப்பக்கத்தில் ரோட்டோரம் ஒரு முனீஸ்வரன் கோயில், தகரக் கூரை, ஒரு சூலம், ஒரு உண்டியல். இந்த வழியாகப் போகிற நம் ஆட்கள் யாராக இருந்தாலும் அங்கே மூன்று தடவை ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவார்கள், வழிக்குக் காவல் அவர்தான் என்று. துரைராஜுவுக்குச் சாமியிடம் பெரிய மரியாதை கிடையாது, ஆனால் ஹாரனைத் தவறவிட்டதில்லை, டிரைவர் என்றால் அதுவும் தொழிலில் சேர்த்தி. கோயில் கண்ணில் படவில்லை. படாது. இறக்கத்தின் முடிவை வைத்து இடத்தைக் கணக்குப் பண்ணி, சரியான இடத்தில், மூன்று தடவை அழுத்தினார். பின்னால் ஐந்து பேரும் தலையைத் தூக்காமல் ஒரு கையை நெற்றிக்கும் மார்புக்கும் கொண்டுபோனார்கள், கடைசி வரிசையில் தூக்கத்திலேயே சிவலிங்கம், சாமி காப்பாத்து என்றார். உள்கண்ணாடியில் அதைப் பார்க்கத் துரைராஜுவுக்கு மனம் லேசானது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, தெரிந்த ரோடு, தெரிந்த சாமி. அப்போது தனலெட்சுமி, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, முன்னால் பார்த்தபடியே பேசினாள்.

"கோயிலு இங்க இல்லீங்க. பாலத்துக்கு அந்தாண்டையே மாத்திட்டாங்க. இப்பதான் தாண்டி வந்தோம்."

எந்தப் பக்கம் என்று கேட்டார், கேட்கும்போதே தெரிந்துவிட்டது. நான் உக்காந்திருக்கிற பக்கந்தான், மஞ்சப் பெயிண்டு அடிச்சுப் பெருசா கட்டியிருக்காங்க, முனீஸ்வரன் பதினஞ்சு அடிக்கு நிக்கிறாரு என்றாள். குரலில் குத்தல் இல்லை, குத்தல் இருந்திருந்தால் அவர் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார். இங்கே என்ன இருக்கிறது என்று முகத்தை முழுக்கத் திருப்பிப் பார்த்தார். ரோட்டை அகலப்படுத்திய செம்மண், ஒரு புதுச் சாக்கடை, சாக்கடைக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதற்குத்தான் அவர் ஹாரன் அடித்திருக்கிறார், அதைத்தான் அவருடைய குடும்பமே கும்பிட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பதினைந்து அடிச் சாமி மீசையோடு நிற்க ஒருவரும் பார்க்கவில்லை. கண் இருக்கிற ஐந்து பேரும் பார்க்கவில்லை, அவர்களுக்கு ஹாரன்தான் சாமி, அவர் எங்கே அடிக்கிறாரோ அங்கே சாமி. இந்த முட்டாள்களை நினைத்துச் சிரிக்கலாம் என்று பார்த்தார், சிரிப்பு வரவில்லை. இவர் அடித்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ஐந்து பேர்.

"எப்பலேருந்து தெரியும்?" என்று கேட்டார்.

"கேட்டுல இடிச்ச அன்னிலேருந்து."

"கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா ஓட்டறத விட்டுடுவீங்களா?" என்றாள் தனலெட்சுமி. அவளே, "விடமாட்டீங்க. அதான் நானே பாத்துக்கிட்டு வந்தேன்" என்றாள்.

ஒரு செம்பனை லோரி எதிரே வந்து போனது, வேன் அதிர்ந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார். எதிரே சாலை நீளமாக, நல்ல வெயிலில், வரைந்த மாதிரி போய்க்கொண்டிருந்தது, அவருக்குத் தெரிகிற பாகம் அத்தனை தெளிவாகத் தெரிந்தது. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. "ஒதுங்க இடம் இருக்கா?" என்று கேட்டார். நாற்பது வருஷத்தில் ரோட்டைப் பற்றி அவளிடம் அவர் ஒன்றும் கேட்டதில்லை. அவள் கழுத்தை நீட்டிப் பின்பக்கம் பார்த்தாள். இருக்கு, ஒரு மோட்டார் வருது, அது போகட்டும் என்றாள். பொறுத்தார். மோட்டார் போனது, அதன் சத்தம் மட்டும் கேட்டது. இப்ப ஒதுக்குங்க, இன்னும் வரலாம், இன்னும் கொஞ்சம், போதும். அவர் பிரேக்கை அழுத்தி, வண்டியை அணைத்து, கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். வந்துட்டோமா என்று சிவலிங்கம் விழித்துக்கொண்டு கேட்டார். துரைராஜு பக்கவாட்டுக் கதவை இழுத்துத் திறந்து, பிரேம்நாத்திடம் சாவியை நீட்டினார். அவன் வாங்கவில்லை, இதில் ஏதோ கிண்டல் இருக்கிறது என்று நினைத்தான் போல. அவர் காலையிலிருந்து நடந்துகொண்டதற்கு அப்படித்தான் நினைப்பான். தலைவலி என்று சொல்லலாம், தூக்கம் வருகிறது என்று சொல்லலாம், இரண்டும் நாக்கு நுனியில் தயாராக இருந்தன, தனலெட்சுமியும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

"எனக்கு இடது பக்கம் கண்ணு தெரியல," என்றார். "எட்டு மாசமா. நீ ஓட்டு."

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அவர் நினைத்தபடியேதான் நடந்தது. யோகா அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே யாருக்கோ போன் போட்டாள். ராஜம்மா கண்ணுக்குப் பொன்னாங்கண்ணி என்றாள், முருங்கைப்பூ என்றாள். சிவலிங்கம் தனக்கு ஈப்போவில் ஒரு ஆளைத் தெரியும், ஒரு வேர் கொடுப்பார், மூன்று வேளை என்றார். பேத்தி ஒரு கையால் தன் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வயலைப் பார்த்தாள். சாவி கொடுத்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் ஆளாளுக்கு அவரைக் குழந்தையாக்கி மேலே சால்வை போர்த்தாத குறை. எத்தனை அற்பமான ஜனங்கள் என்று நினைத்தார், அந்த நினைப்பு பழக்கத்தில் வந்ததே தவிர அதில் பழைய ருசி இல்லை. கடைசியில் பிரேம்நாத் ஓட்டுநர் இருக்கையில் ஏறினான். யோகா கைப்பேசியோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடு வரிசையில் வலது ஜன்னலோரம் துரைராஜு, அவருக்கு இடப்பக்கம் தனலெட்சுமி, அதற்கு அப்பால் பேத்தி. பிரேம்நாத் கண்ணாடியைச் சரிசெய்தான், இருக்கையைச் சரிசெய்தான், பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான், சிக்னல் போட்டு, யாருமே வராத ரோட்டில் கால் மணி நேரம் காத்திருக்கிற மாதிரி காத்திருந்து, வண்டியை எடுத்தான். ஐம்பதுக்கு மேல் போகவில்லை. இவன் ஓட்டுவது ஓட்டமா ஊர்வலமா என்றார் துரைராஜு, தனலெட்சுமிக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பதில் இல்லை. வளைவில் பிரேக்கைத் தொடுகிறான் பார், வளைவுக்கு முன்னால் தொட வேண்டும், எத்தனை தடவை சொல்வது என்றார். பதில் இல்லை. திட்டினதில் கோபம் போலிருக்கிறது, இருக்கட்டும், கோபப்பட வேண்டியவள்தான் என்று நினைத்தார். கொஞ்ச தூரம் போனதும் அதுவும் பொறுக்கவில்லை. இங்கிருந்து அவள் முகம் தெரியாது, கழுத்தை முழுக்கத் திருப்பினால்தான் தெரியும். திருப்பினார்.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கைப்பை மடியிலிருந்து சரிந்து பேத்தியின் மேல் கிடந்தது. வலது கால் செருப்பை விட்டு வெளியே வந்து, தரையில் எதையும் அழுத்தாமல் சும்மா கிடந்தது. காடியில் ஏறினால் அடுத்த சிக்னலுக்குள் தூங்கிவிடுகிறவள் என்று கல்யாணமான புதிதிலிருந்து ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார், பினாங்கு வரைக்கும் தூங்கியிருக்கிறாள், ஜொகூர் வரைக்கும் தூங்கியிருக்கிறாள். இந்த எட்டு மாதத்தில் அவள் ஒரு தடவைகூடக் கண்ணை மூடவில்லை, அதை அவர் கவனிக்கவேயில்லை. கோயிலுக்கு, சந்தைக்கு, கல்யாணத்துக்கு, எத்தனை மணி நேரமானாலும் முழித்துக்கொண்டு, ஆடு, சைக்கிள், நாய். வாய் வந்துவிட்டது என்று எத்தனை பேரிடம் சொன்னார். அவருக்கு வெட்கமாக இருந்தது, தாங்க முடியாத வெட்கம், கண் போனதற்குக்கூட இவ்வளவு வலிக்கவில்லை. அவள் தலை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, அவருடைய இடது தோளில், பலகையில் இடித்துக் கன்றிப்போயிருந்த அதே தோளில் வந்து இறங்கியது. வலித்தது. அவர் அசையவில்லை.

"பிரேம்," என்று மெதுவாகக் கூப்பிட்டார். முன்னால் பிரேம்நாத்தின் முதுகு நிமிர்ந்து இறுகியது, அடுத்த ஏச்சுக்குத் தயாராக.

"பள்ளத்துல விடாம போப்பா. அவ தூங்குறா."